சொல்லி வைத்திருக்கிறார் சிவபாண்டி

சொல்லி வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். கல்லூரியில் இடம், பெரியாஸ்பத்திரியில் கட்டில், வீட்டுக்கு மின் இணைப்பு, கோயிலில் கூட்டமில்லாத தரிசனம் என்று எதைக் கேட்டாலும், கண்ணை லேசாக மூடி, சட்டைப்பையில் இருக்கும் செல்போனை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "நம்மாளு ஒருத்தன் உள்ள இருக்கான், சொல்லி வைக்கிறேன்" என்பார். போனை எடுக்க மாட்டார். தட்டுவதோடு சரி.

காரியம் நடந்தால் அவர் சொன்னதால். நடக்காவிட்டால் நீங்கள் தாமதமாக வந்ததால். இவர் தோற்பதற்கு வழி எங்கே இருக்கிறது?

செல்லூரில் எங்கள் சந்தில் இந்தப் பதவியை வகிப்பவர் சிவபாண்டி. எதிர்வீட்டு ரம்யாஸ்ரீ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை ஒரே ஆள் புரட்டிப் படுக்க வைக்க ஒரு சாதனம் செய்தாள். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள் என்பதால் என்னையே அதில் கிடத்திச் சோதித்தாள். முதல் தடவை தரையில் கிடந்தேன். இரண்டாம் தடவை கட்டிலிலேயே உருண்டேன். சாதனம் உருப்படியானதுதான்.

அதை வைத்து ஓர் இயந்திரக் கம்பெனியின் இளம் பொறியாளர் விருதுக்கும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் விண்ணப்பித்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேர்காணல். பயிற்சி கிடைத்தால் பொறியாளர் ஆவாள். கிடைக்காவிட்டால், அவள் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் பில் போட இடம் பார்த்து வைத்திருந்தார்.

நேர்காணலுக்கு முதல்நாள் சிவபாண்டி வந்தார். போனைத் தட்டினார்.

"பாப்பா, நிம்மதியா போயிட்டு வா. மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்."

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மாமா, சிபாரிசு வந்தா தள்ளிருவோம்னு விண்ணப்பத்துலயே போட்டிருக்காங்களே."

"அதெல்லாம் ஊருக்காகப் போடுறது."

மருந்து கொடுத்தாயிற்றா என்றால் ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் என் தொழிலில் உண்டு. அதே தோரணையில் கேட்டேன்: "சிவபாண்டி, நெசமாவே சொன்னியா, சொல்லலையா?"

'சும்மா சொன்னேன் பாப்பா' என்றிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். ஆனால் இந்த இனத்தாரிடம் உயிரைக்கூடக் கேட்கலாம், இதைக் கேட்கக் கூடாது.

"என்னக்கா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? நான் சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "சார், சிவபாண்டின்னு ஒருத்தர் எனக்காகப் பேசியிருக்காரு. நான் கேக்கல. அதை வச்சு என்னைத் தள்ளிராதீங்க" என்று ஒப்பித்திருக்கிறாள்.

மேனேஜர் விழித்தார். "எந்தச் சிவபாண்டிம்மா?"

பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொடுத்த நேரத்தில் பாதி, இல்லாத சிபாரிசைத் தேடுவதில் போயிற்று. சாதனம் எவ்வளவு எடை தாங்கும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தபோதே அடுத்த பையனை அழைத்துவிட்டார்கள்.

பயிற்சி கிடைத்தது. விருது வேறொருவருக்குப் போனது.

முடிவு வந்த அன்று சாயங்காலம், போட்டுக்கொள்ள ஒரு சால்வை மட்டும்தான் குறை என்பதுபோல் சிவபாண்டி வந்து நின்றார். "பாத்தியா? ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்."

"மேனேஜர் உங்களைத் தெரியாதுன்னாரே மாமா."

"நாலு பேரு முன்னாடி தெரியும்னு சொல்லுவானா? அதான் நம்மாளு."

"அப்ப விருது?"

சற்றே வருந்தினார். "நீ விருதுக்கும் சேத்துல்ல எங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் ஒருவர் தன் மகளின் வேலைக்காக உங்கள் வாசலில் வந்து நின்றாரே, அவரை என்ன சொல்லி அனுப்பினீர்கள்? அந்த மனிதர் உங்களை நம்பி இன்னும் வேறு யாரிடமும் கேட்காமல் காத்திருக்கிறார். உங்கள் கை சட்டைப்பைக்குப் போவது தெரிகிறது. தட்டாதீர்கள். எடுத்துப் பேசுங்கள்.