மூச்சுச் சித்தரும் சுவர்க் கடிகாரமும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அப்படி ஒரு கூட்டம். டாக்டரைப் பார்க்க அல்ல, மூச்சுச் சித்தரைப் பார்க்க! கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, சரியாகப் பத்து மணிக்கு ‘ப்பூ’ என்று ஊதுவார். உள்ளே நினைவில்லாமல் கிடப்பவர் கண் திறப்பார். அவ்வளவு தடிமனான கண்ணாடியைத் தாண்டி மூச்சு எப்படிப் போகும்? யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம்.

சித்தர் காலத்தைக் கடந்தவர்; கைக்கடிகாரம் கட்டமாட்டார். செல்போன் அலை மூச்சைத் தடுக்கும் என்று எல்லோருடைய போனையும் அணைக்கச் சொல்வார். காசைக் கையால் தொடமாட்டார். பையால்தான் தொடுவார்.

நாலாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். நிமோனியா. தொண்டையில் குழாய், பக்கத்தில் சுவாச இயந்திரம். அவரும் தினம் ஊதலுக்குக் கண் திறந்தார். மத்தியானம் மறுபடி தூங்கிப்போனார்.

“அந்தக் குழாய்தாம்மா என் மூச்சைத் தடுக்குது. எழுதிக் கொடுத்துட்டு என் இடத்துக்குக் கூட்டிட்டு வா” என்றார் சித்தர்.

‘எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்’ என்ற காகிதத்தோடு டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துதான் பாக்கி.

அவள் தங்கை பஸ் கண்டக்டர். பதறிப்போனாள். “அக்கா, குழாயை எடுத்தா மாமா பொழைக்க மாட்டாருக்கா!”

“தினம் கண்ணு திறக்கிறாரே, நீயும்தானே பார்த்தே?”

பார்த்தாள்தான். ஆனால் அது ஏன் தினமும் பத்து மணி? நேராக நர்ஸிடம் போய்க் கேட்டாள்.

“ஒன்பதரைக்குத் தூக்க மருந்தை நிறுத்துவோம். பத்து மணி வாக்கில முழிப்பு வரும். பார்த்துட்டு, தேவைப்பட்டா திரும்பக் கொடுப்போம். இப்படிச் செஞ்சா சீக்கிரம் மெஷினை விட்டு வர்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்கம்மா.”

“இது சாமிக்குத் தெரியுமா?”

“தெரியாம? போன வருஷம் இங்கதானே ஸ்ட்ரெச்சர் தள்ளினாரு!”

மறுநாள் காலை எல்லோரும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார்கள். சித்தருக்குத் தியானம் முற்றி லேசான குறட்டை. கண்டக்டர் மட்டும் கண்ணை மூடவில்லை. பெஞ்சில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாள்.

சித்தர் விழித்தார். ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து! எழுந்து போய் ஊதினார்.

டிரைவர் அசையவில்லை.

மறுபடி ஊதினார். மறுபடி. கண்ணாடிதான் மங்கியது. “இங்கே நம்பாத கண்ணு ஒண்ணு இருக்கு!” என்று உறுமினார்.

“ஆமா சாமி, திறந்திருந்த கண்ணு. உண்மையில இப்போ மணி ஒன்பதுதான். போனை ஆன் பண்ணிப் பாருங்கய்யா எல்லாரும்! சாமி, நீங்க ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம இப்படி உட்காருங்க.”

நர்ஸே வந்து அவருக்கு முகக்கவசம் மாட்டிவிட்டார். நழுவப் பார்த்தவரைக் கூட்டமே பிடித்து உட்கார வைத்தது.

ஒன்பதரைக்கு மருந்து நின்றது. போனில் பத்து மணி தாண்டி இரண்டு நிமிஷம். யாரும் ஊதவில்லை. டிரைவர் கண் திறந்து மனைவியைத் தேடினார். அவள் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு, கண்ணாடியில் முகம் பதித்து அழுதாள்.

திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணோம். முகக்கவசம் மட்டும் பெஞ்சில் கிடந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். “அப்போ சக்தி எல்லாம் இந்தக் கடிகாரத்துக்குத்தான் போல!”

“அது பேட்டரியில ஓடுது, ஐயா” என்றாள் கண்டக்டர். “உங்க தலைக்குள்ள இருக்கிறதுக்குப் பேட்டரிகூட வேண்டாம். கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்க.”