நானூறு சதவீத சேவை

மனித குலத்தின் நெடுநாள் துயரமான தாமதத்தை, ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கணினி எலியின் ஒரே சொடுக்கில் ஒழித்த பெருமை நலத்துறை இயக்குநரையே சேரும். அந்த எலியைப் பிடித்திருந்த கை வீடியோ எடிட்டருடையது. ஆனால் வரலாறு கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

மறுநாள் மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய ‘மின்னல் சேவை’ படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“வரிசை ஏன்யா இப்படி ஊருது?” என்றார் இயக்குநர்.

“எடுத்தது அப்படியே இருக்கு சார்.”

“வேகத்தை நூறுல இருந்து நானூறு ஆக்கு.”

எடிட்டர் ஆக்கினார். ஒரு முத்திரை குத்தக் கால் மணி நேரம் எடுக்கும் குமாஸ்தா, மரங்கொத்தி மாதிரி குத்தித் தள்ளினார். இயக்குநருக்குக் கண் கலங்கியது.

“சுவர்க் கடிகாரமும் சேர்ந்து ஓடுது சார்.”

“அதை மறைச்சிடு. பொதுமக்கள் அதைப் பார்க்கிற அவசியம் இல்ல. என் உரையை மட்டும் நூறிலேயே விடு. கீச்சுக்குரல்ல கம்பீரம் போகுது.”

அப்போதுதான் இயக்குநர் திரையின் மூலையைப் பார்த்தார். மூன்றாம் ஜன்னலுக்கு எதிரே, பெஞ்சில் ஒரு பெரியவர், மடியில் பையோடு.

“இந்த ஆள் அசையவே இல்லையே. படம் மாட்டிக்கிச்சா?”

“இல்ல சார். தலைக்கு மேல ஃபேன் சுத்துது பாருங்க.”

“அவருக்கு மட்டும் எண்ணூறு வை.”

எடிட்டர் அந்த மூலையைத் தனியாகப் பிரித்து எண்ணூறு வைத்தார். பிறகு ஆயிரத்து அறுநூறு. ஓர் ஈ பெரியவரின் தோளில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. பெரியவர் அசையவில்லை.

“சாஃப்ட்வேர் கோளாறா?”

“பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தானே சார்.”

அலுவலகத்துக்குள் சொந்த விஷயத்தை நுழைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கையை மதித்துப் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர் எடிட்டர். இன்று முடியவில்லை.

“அது எங்கப்பா சார். கண் ஆபரேஷனுக்கு அனுமதிக் கடிதம் கேட்டுப் பதினோரு நாளாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னா ஆஸ்பத்திரியில தேதி போயிடும். இருக்கிற பார்வையும் போயிடும்னு டாக்டர் சொல்றார். ஃபைல் உங்க மேஜையிலதான் இருக்கு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். எடிட்டரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“இதை முன்னாடியே சொல்றதில்லையாப்பா?”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். எடிட்டரின் கை தானாகக் குவிந்தது. இயக்குநர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்:

“படப்பிடிப்பு நாட்களில் மனுதாரர்கள் எவரும் பெஞ்சில் உட்காரலாகாது. இங்குமங்கும் சுறுசுறுப்பாக நடமாட வேண்டும்.”

கீழே கையெழுத்துப் போட்டு, தாளை நீட்டினார்.

எடிட்டர் வாங்கிக்கொள்ளவில்லை. பழக்கதோஷம், கண் நேரத்தை அளந்துவிட்டிருந்தது.

“கையெழுத்துக்கு நாலு செகண்ட் ஆச்சு சார்,” என்றார். “வேகத்தைக் கூட்டாமலே.”