ஓர் அம்புக்கு ஓர் அன்னாசி

பிஜித் தீவுகளில் என்னை மிக அதிகமாகக் கோபப்படுத்திய மனிதர், ஆட்சியைக் கவிழ்த்த எந்தத் தளபதியும் இல்லை. ஒரு பஸ் டிக்கெட் பரிசோதகர். தளபதிகள் மீது ஊருக்கே கோபம் இருந்தது, என் பங்கு அதில் கரைந்துபோயிற்று. இவர் மீதான கோபத்தை நான் ஒருத்தியாகவே சுமக்க வேண்டியிருந்தது. அவர் போட வேண்டிய ஒரே ஒரு கையெழுத்துக்காக என் விசாவும் என் குடும்பத்தின் சோறும் ஆறு வாரம் அந்தரத்தில் தொங்கின.

லவுட்டோக்காவை ஒட்டிய நடபுவாவில் அவர் பெயர் செக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் மனைவியே "எங்க செக்கர் குளிக்கறார்" என்றுதான் சொல்வார். கிங்ஸ் ரோடு பஸ்களில் முப்பது வருஷம் ஏறி இறங்கியவர். ஒருமுறை ரக்கிரக்கிக்குப் பிணம் ஒன்றைப் பஸ்ஸில் கொண்டுபோனபோது அதற்கும் டிக்கெட் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பாமல் அவரிடமே கேட்டேன்.

"கேட்டேன். டிக்கெட் வெச்சிருந்தாங்க. ஒன்-வே. சரியா இருந்திச்சி, வுட்டுட்டேன்" என்றார்.

இந்த மனிதர்தான் எங்கள் வில்வித்தைச் சங்கத்தின் செயலாளர், நடுவர், சர்வாதிகாரி. வாழ்நாளில் ஓர் அம்புகூட எய்தவர் இல்லை. முதல் கவிழ்ப்பு நடந்த வருஷம், நாட்டை விட்டு ஓடிய ஒரு பள்ளி ஆசிரியர் விமான நிலையம் போகும் அவசரத்தில் நீளப் பெட்டி ஒன்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஆறு வில்கள், அம்புகள், விதிப்புத்தகம் ஒன்று. செக்கர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வருஷம் உரியவருக்காகக் காத்திருந்தார். காத்திருந்தபோது புத்தகத்தைப் படித்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. "டிக்கெட் ரூல் மொத்தம் நாலு பக்கம். இது இருநூறு பக்கம் கீது பொண்ணே!" என்று என்னிடம் சொல்லும்போதும் அவர் கண்கள் பளபளத்தன. இருநூறு பக்கச் சட்டம் கையில் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. ஆகவே ஆட்களைச் சேர்த்தார்.

நான் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. பிறகு கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்துவிட்டு வந்து, லவுட்டோக்காவில் அழுத்தமானிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தேன். இந்த எழுத்துத் தமிழ் கோயம்புத்தூரில் கற்றது. செக்கருடையது அவர் தாத்தாவோடு கரும்புத் தோட்டக் கூலிக் கப்பலில் வந்த தமிழ். வழியில் கொஞ்சம் இந்தியும் ஏறிக்கொண்டது.

எங்கள் இலக்குப் பலகைகள் காய்ந்த கரும்புத் தோகையை இறுக்கிக் கட்டியவை. ஒரு சனிக்கிழமை, போட்டியின் நடுவில் பக்கத்துத் தோட்டத்து மாடு வேலியைத் தாண்டி வந்து, பலகையின் நடுவில் இருந்த மஞ்சள் வட்டத்தைத் தாளோடு சேர்த்துத் தின்றுவிட்டது. வேறு தாள் ஒட்டலாம் என்றோம். செக்கர் புத்தகத்தைப் புரட்டினார். போட்டி தொடங்கிய பின் இலக்கை மாற்றக் கூடாதாம். மஞ்சள் இல்லாததால் அன்று ஒருவருக்கும் ஒன்பதும் இல்லை, பத்தும் இல்லை. மாட்டை அடுத்த சுற்றில் சேர்க்காததே அதிசயம்.

அந்தப் புத்தகத்தில் அவருக்கு உயிரான அத்தியாயம், அமெச்சூர் நிலை பற்றியது. வில் எய்ததற்காக எதையும் கூலியாக வாங்காதவர் அமெச்சூர், வாங்கியவர் தொழில்முறைக்காரர். இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை பேரை வதைக்கலாம் என்பதற்கு சலீம் அண்ணன் சாட்சி.

சலீம் அண்ணன் இறைச்சிக் கடைக்காரர், எங்கள் சங்கத்தின் சிறந்த கை. பா நகரில் ஒரு கல்யாண வீட்டில், தென்னை உச்சியில் தொங்கிய இளநீரை ஒரே அம்பில் துளைத்தார். பெண்ணின் அப்பா பூரித்துப்போய் ஒரு சேவலைக் கையில் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை மாமரத்தடியில் விசாரணை.

"சேவல் வாங்கினியா?"

"அன்பா குடுத்தாங்க மாமா."

"அன்பு எத்தினி கிலோ?"

"ரெண்டு இருக்கும்."

"அப்போ நீ ரெண்டு கிலோ புரொபஷனல்."

"அரே, தின்னாச்சே மாமா! இப்போ இன்னா செய்யச் சொல்றீங்க?"

"அதே எடையில வேற சேவல் வாங்கிக்கினு போய் திருப்பிக் குடு."

கொடுத்தார். செக்கரும் கூடவே பஸ்ஸில் போனார். புறப்படும்போது ஒருமுறை, இறங்கியபோது ஒருமுறை சேவலை எடை போட்டார். தராசைச் சரிபார்த்துக் கொடுத்தவள் நான்தான். தொழில் தெரிந்த பாவம். பயத்திலோ வெயிலிலோ சேவல் வழியில் நூறு கிராம் இளைத்துவிட்டது. சலீம் அண்ணன் இன்னும் நூறு கிராம் தொழில்முறைக்காரர் என்று தீர்ப்பாகி, ஒரு மாதம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்புறம் இரண்டாயிரத்து ஆறாம் வருஷ டிசம்பர் வந்தது. மறுபடியும் ராணுவம், மறுபடியும் ரேடியோவில் அணிவகுப்பு இசை, மறுபடியும் சாலைத் தடுப்புகள். நாங்கள் வில்களோடு போன வேனை ஓர் இளம் சிப்பாய் நிறுத்தி, எங்கள் ஊர் இந்தியில் "பையில் என்ன?" என்றான். மற்ற எல்லாரும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். செக்கர் கீழே இறங்கி, அதே இந்தியில் பதில் சொன்னார்.

"வில். நாங்க அமெச்சூர். இதுக்கு ஒண்ணும் வாங்கறதில்ல. நீ?"

சிப்பாய்க்குப் புரியவில்லை. "நான் சம்பளத்துக்குத்தான் நிற்கிறேன், மாமா."

"அப்போ நீ புரொபஷனல். என் ஆளுங்ககூட ஒரே கோட்டுல நிக்கக் கூடாது. பத்தடி தள்ளு."

அவன் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றான். துப்பாக்கி தோளிலேயே இருந்ததால் நாங்கள் இன்றும் இருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்குள் நான்கு கவிழ்ப்புகள். எங்கள் நாட்டில் அந்த ஒரு துறையில்தான் அமெச்சூர் நிலையைத் தாண்டிவிட்டார்கள். மற்ற நாங்கள் எல்லாரும் எதையும் வாங்காமல், எதையும் கேட்காமல், கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றோம்.

ஆட்கள் போனார்கள். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். சனிக்கிழமைதோறும் எய்ய ஆளில்லாத வில் ஒன்று கூடியது. செக்கர் பதிவேட்டில் பெயரை அடிக்க மாட்டார். பக்கத்தில் "இறங்கியாச்சு" என்று எழுதுவார். மார்ச் மாதத்தில் இறங்காமல் இருந்தவர்கள் மூன்றே பேர்: சலீம் அண்ணன், ஒரு தபால்காரர், நான்.

நானும் இறங்க வேண்டியிருந்தது. அப்பாவின் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்துபோய், நிலத்துக்காரர்கள் நீட்டித்துத் தர மறுத்துவிட்டார்கள். என் பட்டறை முதலாளி ஒரு திங்கட்கிழமை காலை கதவைப் பூட்டிவிட்டு மாலையில் விமானம் ஏறினார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரு வாடகை அறையில் இருந்தோம். அந்த நேரத்தில் பிரிஸ்பேனில் ஒரு வில்வித்தைக் கூடம் எனக்கு வேலை தர முன்வந்தது. வில்களைப் பழுதுபார்க்க வேண்டும், அவர்கள் பெயரில் பரிசுப் போட்டிகளில் சம்பளத்துக்கு எய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்குள் நான்கு காகிதங்கள் கேட்டார்கள்: போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, தொழிற்சான்று, அமெச்சூர் பட்டியலிலிருந்து விடுவித்து என்னைத் தொழில்முறை வில்லாளி என்று சொல்லும் கடிதம். கவிழ்ந்து கிடந்த அரசாங்கத்திடமிருந்து முதல் மூன்றையும் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டேன். நான்காவதற்குக் கையெழுத்துப் போடக்கூடிய, தலைநகர் சுவாவில் இருந்த வில்வித்தைத் தலைமைச் சங்கத்தார் எல்லாரும் வெளிநாடு போயிருந்தார்கள். மிச்சம் மாமரத்தடி மனிதர் ஒருவர்தான்.

"நீ புரொபஷனல் இல்லியே. இல்லாதத எப்படி எழுதறது?"

"நீங்க எழுதினாதான் மாமா நான் ஆவேன்."

"வில்லுக்குக் கூலி வாங்கினியா?"

"இல்ல."

"அப்போ அமெச்சூர்."

"வாங்கிட்டு வந்தா?"

"கேக்காம வாங்கினா தடை."

"அதான் இப்போ கேக்கறேன்!"

"அந்த ஃபாரம் புரொபஷனலுக்குத்தான். நீ அமெச்சூர்."

இரண்டாம் முறை பதினோரு குறிப்புகள் கொண்ட பட்டியலோடும், எந்த விதியிலிருந்து எந்த விதிக்குப் போகலாம் என்று அம்புக்குறி போட்ட வரைபடத்தோடும் போனேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட் துளைக்கும் கருவியை எடுத்தார். வரைபடத்தின் மூலையில் ஓர் ஓட்டை போட்டு, "பாத்தாச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை கத்தினேன். சாதாரணமாக நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை.

"எல்லாரும் போயாச்சு மாமா! அந்தப் புஸ்தகத்தக் கொண்டாந்த ஆளே முதல்ல போயாச்சு! நீங்க யாருக்கு இங்க காவல்? எங்கப்பா ஒரு ரூம்ல குந்திக்கினு சுவத்தப் பாக்கறார். அதுக்கு உங்க புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல ரூல் இருக்கு?"

செக்கர் ஒவ்வொரு வில்லாக நாணைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். சலீம் அண்ணன் என்னை வேலிப் பக்கம் இழுத்துப் போனார்.

"கத்தாத தங்கச்சி. டீமுன்னா மூணு பேர் வேணும்னு ரூலு. நீ போனா ரெண்டு பேர்தான். சங்கமே கெடயாது. அதான் மாமா சுத்தி வளைக்கறார்."

இதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் இரட்டிப்பாகியது. ஆக, என் வாழ்க்கை அவருடைய பதிவேட்டில் மூன்றாவது வரி! இரண்டு வாரம் அவர் வீட்டுத் தெருவில்கூட நடக்கவில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் சலீம் அண்ணன் வந்து, செக்கர் என்னை மைதானத்துக்கு வரச்சொன்னதாகச் சொன்னார். போனேன். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆன செக்கர், காக்கிச் சீருடையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு தொப்பியோடு நின்றார். ஒரு கையில் கார்பன் தாள் வைத்து இரண்டு படியாக எழுதிய ஒப்பந்தம். இன்னொரு கையில் ஓர் அன்னாசிப் பழம்.

"இத்த படி. செயலாளர் அனுமதியோட நான் உன்ன கூலிக்கு வெக்கறேன். ஒரு அம்பு. கூலி இந்த அன்னாசி."

இருநூறு பக்கத்தையும் மறுபடி உட்கார்ந்து படித்து இந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார். முதல் வாரமே இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டேன். வில்லை எடுத்தேன். பதினாறு வயதிலிருந்து எய்த மைதானம், பதினாறு வயதிலிருந்து பார்த்த தூரம். கோபத்தில் விட்ட அம்பு நீல வட்டத்தின் ஓரத்தில் போய்க் குத்தியது.

"அஞ்சு" என்று உரக்க அறிவித்தார். "பரவால்ல. கூலியில புடிக்க மாட்டேன்."

அன்னாசியை என் கையில் வைத்தார். விடுவிப்புக் கடிதத்தின் ஒரு படியை விசாவுக்கென்று தனியாகவும், மூலத்தை ஒட்டி முத்திரை குத்திய உறையில் பிரிஸ்பேன் மேலாளருக்கென்றும் கொடுத்தார். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் வேலியைக் காட்டினார்.

"வெளிய போ. இங்க அமெச்சூர் பயிற்சி நடக்குது."

பயிற்சியாம்! அன்று இருந்தவர் சலீம் அண்ணன் ஒருவர்தான்.

"மாமா, நாளைக்குத் தங்கச்சி திரும்பி வந்தா?" என்றார் சலீம் அண்ணன்.

"மனு போடணும். ரெண்டு வருஷம் ஒண்ணும் வாங்காம காத்திருக்கணும். அப்பால பாக்கலாம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் பலகையிலிருந்து என் அம்பைப் பிடுங்கப் போனார். ஒரே அம்பைப் பிடுங்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் நின்று பார்க்கவில்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அன்னாசியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

பிரிஸ்பேனில் முதல் நாள் உறையை மேலாளரிடம் கொடுத்தேன். பிரித்தவர் ஒரு தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றை என் பக்கம் தள்ளினார். "இது எங்களுக்கு இல்லை போல."

அது என்னை மறுபடியும் அமெச்சூராக ஏற்றுக்கொள்ளும் உத்தரவு. நான் போடாத மனு பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருந்தது. இரண்டு வருஷக் காத்திருப்பு, செயலாளரின் தனி அதிகாரத்தால் தள்ளுபடி. அந்தப் புத்தகம் முழுவதையும் படித்தவள் நான். அப்படி ஓர் அதிகாரம் எந்தப் பக்கத்திலும் இல்லை. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. தேதி மட்டும் இல்லை. அந்த இடத்துக்குக் கீழே பென்சிலில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி: "வர்ற அன்னிக்கு நீயே போட்டுக்கோ."

அவர் மீது இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்த நாட்களும் உண்டு.