நான் பெருக்கிய காடு

ஒரு காட்டையே கூட்டிப் பெருக்கியவள் நான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்த புதிது. என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. "நாள் பூரா வீட்டையே தொடச்சிட்டிருக்க. ஏதாவது கிளாஸ் ஜாயின் பண்ணு" என்று கணவர் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார். (தரைக்கும் ஓய்வு வேண்டுமல்லவா.)

ஆசிரியை மார்கரெட்டுக்கு எழுபது வயதிருக்கும். "இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பணக்காரர் தோட்டத்துச் செடிகூட உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத்தான் வளர்ந்தது. நகரத்தில் ஆலைப் புகை. அதனால்தான் ஓவியர்கள் முறிந்த மரத்தையும் பாறையையும் தேடிப் போனார்கள். யார் கையும் படாத இடம் அவர்களுக்குச் சுதந்திரம்" என்றார். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். (எழுதியதோடு சரி.)

அடுத்த சனிக்கிழமை ஓர் ஓடைக்கரையில் வகுப்பு. அந்த இடத்துக்காக மார்கரெட் ஒரு மாதம் அலைந்தாராம். கணவருக்கு அன்றும் ஆபீஸ். ஒரு மணி நேரம் முன்னதாகவே என்னை இறக்கிவிட்டுப் போனார். விழுந்த மரம், அதன்மேல் கொடி, எங்கும் சருகு. வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? கொடியைப் பிடுங்கினேன். கிளைகளை ஓரமாக அடுக்கினேன். குச்சிகளைச் சேர்த்துக் கட்டிச் சருகைக் கூட்டினேன். மார்கரெட் வந்தபோது இடம் மார்கழி வாசல்போல இருந்தது, கோலம்தான் பாக்கி.

"யார் செய்தது?"

"நான்தான்."

"ஏன்?"

"எங்க ஊர் பொள்ளாச்சிப் பக்கம். தோட்டத்துல புதர் மண்டினா, அந்த வீட்டுல ஆள் இல்லையான்னு கேப்பாங்க. அப்பா படுத்த படுக்கையான வருஷம் எங்களையே கேட்டாங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

மார்கரெட் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் உன் புதருக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது" என்றார். எல்லோரையும் நான் அடுக்கிய கிளைக் குவியலையே வரையச் சொன்னார். பிறகுதான் என் கையைக் கவனித்தார்.

"அந்தக் கொடியை வெறும் கையாலா பிடுங்கினாய்?"

அது தொட்டாலே கொப்புளம் கிளப்பும் விஷக்கொடியாம். பத்து நாள் கணவர்தான் எனக்குச் சோறு ஊட்டினார்.

இப்போதும் கல்லூரி விடுமுறையில் வரும் மகளிடம் அறையைக் கூட்டச் சொன்னால், "டோன்ட் டச் இட், அம்மா. யூ வில் கெட் எ ராஷ்" என்கிறாள். அவள் அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்குகிறார். நான் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிடுகிறேன்.