யாண்டிக்குத் தெரிந்த ஒரே வார்த்தை

மண்டாவே,
செவ்வாய் இரவு

அன்புள்ள கிளெரிட்டா அக்காவுக்கு,

தங்கை மரிஃபெல் எழுதுவது. இத்தனை ராத்திரியில் மின்னஞ்சல் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. டப்ளினில் உனக்கு இன்னும் பொழுது சாய்ந்திருக்காது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அங்கே குளிருக்குப் பழகிச் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான், என் வீட்டுக்காரர் ரோடெல், மாமனார் மூவரும் சௌக்கியம். என் பிள்ளை யாண்டியும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அதை நீதான் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் சினுலோக் திருவிழாவுக்கு நீ வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏய் மரிஃபெல், இன்னிலேர்ந்து வீட்ல இங்கிலீஷ்தான். என் பிள்ளைங்களுக்கு நம்ம பிசாயா பேச்சு வராது. உன் பையனுக்கு இங்கிலீஷ் வரலன்னா அண்ணன் தம்பி கையைக் காலை ஆட்டித்தான் பேசிக்கணும், பாத்துக்கோ." நான் அன்று ராத்திரியே சட்டம் போட்டுவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் பட்டம் வாங்கியவள் இல்லையா, அட்டையில் எழுதிச் சோற்றுப்பானைக்கு மேலேயே ஒட்டினேன். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் யாரும் பிசாயாவில் வாய் திறக்கக் கூடாது. யாண்டி எதிரில் எனக்கும் ரோடெலுக்கும் வெளியிலும் அதே சட்டம்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே மாமனார் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன மாமா இது?" என்றேன். "இங்கிலீஷ் பேசப் போறேன்ல? இங்கிலீஷ் பேசினா மூக்குல ரத்தம் கொட்டும்னு ஊரே சொல்லுதே. முன்னெச்சரிக்கை" என்றார். முப்பது வருஷம் ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டியவர், நடுத்தெருவில் போலீஸ்காரரையே பேசி மடக்கியவர், அன்றைக்கு ஒரு கிண்ணம் வினிகர் கேட்பதற்குள் சோறு ஆறிவிட்டது. இதோ அவர் இங்கிலீஷில் கேட்டதை அப்படியே தருகிறேன்: "மகளே, தயவுசெய்து எனக்கு அந்த... குவான்... இந்தக் குவானுக்கு ஊற்றுகிற... குவானை... நகர்த்துவாயாக." ரோடெல் உடனே எழுந்து உப்பை எடுத்துக் கொடுத்தார். "அது அன்று. மற்றைய குவான்!" என்றார் மாமனார்.

டப்ளின் போன பதினோரு வருஷத்தில் உனக்கு மறந்துபோயிருந்தால் சொல்கிறேன், குவான் இல்லாமல் நம் ஊரில் ஒரு நாள் விடியாது. பெயர் வாயில் வராத பொருளுக்குக் குவான். பெயர் சொல்லக் கூடாத பொருளுக்கும் குவான். நேற்று செத்துப்போனவரும் குவான்தான், நாளைக்குக் கல்யாணமாகப் போகிறவளும் குவான்தான். ரோடெல் பிரம்பு நாற்காலிப் பட்டறையில் "குவானை எடுத்துக் குவான் பண்ணி அந்தக் குவான்ல வை" என்று சொன்னால் பத்துப் பேர் பிசகாமல் வேலையை முடிக்கிறார்கள். அதையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் யாண்டிக்கு இப்போது மூன்று வயது நான்கு மாதம், அவன் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை குவான்தான். பசித்தால் குவான். கொசு கடித்தால் குவான். நாய் அவன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் "குவான்! குவான்!" என்று இரண்டு தரம். போன வருஷம் நீ வந்தபோது மழலையில் நாலைந்து சொல் சொல்லிக்கொண்டிருந்தானே, அதுவும் போய்விட்டது அக்கா.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார். தாயாரைப் பார்த்துப் பொறுமையாக இரு என்பதற்கு ஆறு வருஷம் படிக்க வேண்டுமா? அவர் கொடுத்த தாளை யாண்டி தூங்கிய பிறகு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து நிரப்பினேன். அதில் 'குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் எத்தனை' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் 'ஒன்று' என்று எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரோடெல் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாப்பதுன்னு போடு."

"என்ன நாப்பது?"

"பால் ஒண்ணு, கொசு ரெண்டு, நாய் மூணு. எல்லாமே வேற வேற அர்த்தம்தானே? இங்கிலீஷ்காரன் 'கெட்'டுன்னு ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு எழுந்திருக்கிறான், பஸ் ஏறுறான், காய்ச்சல்ல படுக்கிறான், கல்யாணம் பண்ணிக்கிறான், பெண்டாட்டி திட்டினா புரிஞ்சுக்கிறான். அகராதில அதுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்கான். அவனை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்களா?"

"கெட் தவிர அவனுக்கு வேற வார்த்தையும் தெரியும்யா" என்றேன்.

நேற்றுதான் நீ சொன்ன அந்த மழலையர் பள்ளியில் நேர்காணல். யாண்டிக்குத் தலையில் எண்ணெய் தடவி, பொத்தான் வைத்த சட்டை போட்டு, வழியெல்லாம் 'ஆப்பிள், டாக், ஃபிஷ்' என்று சொல்லிக்கொண்டே போனேன். ஜீப்னியில் எதிரே இருந்த மூன்று பேருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தலைமையாசிரியை வாழைப்பழப் படத்தைத் தூக்கிக் காட்டி, "குழந்தாய், இஃது யாது?" என்று அழகான இங்கிலீஷில் கேட்டார். "குவான்" என்றான். காரைக் காட்டினார். "குவான்." மீனுக்குக் கொஞ்சம் யோசித்தான். "...குவான்." அவர் அட்டைகளைக் கீழே வைத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், அதுவரை பேசிய இங்கிலீஷையும் கழற்றி வைத்துவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனுக்கு ஒரு... எப்படிச் சொல்றது... ஒரு குவான் இருக்கும்போல."

என்ன குவான் அக்கா? நான் நேற்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வியாதியா, குணமா, பிறவிக் குறையா? நான் இங்கிலீஷிலேயே கேட்டதற்கு, பேச்சு நிபுணரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள், இல்லாவிட்டால் இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் சாப்பிடவில்லை, வெறுமே உட்கார்ந்து காது கொடுத்தேன். நான், ரோடெல், மாமனார் மூவரும் எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு இலக்கணமாக, எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் தெரியுமா? பட்டறைக் கதை இல்லை, கேலி இல்லை, சண்டை இல்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அடுத்ததைத் தேட ஒரு குவான், மறுபடி ஒரு வார்த்தை, மறுபடி ஒரு குவான். ஒன்றரை வருஷமாக என் பிள்ளை இந்த வீட்டில் முழுசாகக் கேட்ட ஒரே சொல் அதுதான். அவன் கற்றுக்கொண்டதில் பிழையே இல்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த நான்தான் என் பிள்ளைக்குப் பேச்சில்லாமல் செய்துவிட்டேன். அந்த அட்டையைக் கிழித்துவிடட்டுமா? உன் பிள்ளைகளோடு அவன் பேச முடியாமல் போனால் நீ வருத்தப்படுவாய் என்றுதான் கை வரவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. சட்டம் போட்டது என் புத்தி.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், அவர்களுக்குப் புரியும் பாஷையில் கொடுத்துவிடு. நம் குழந்தை இயேசு கடல் தாண்டியும் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வார்.

உன் அன்புத் தங்கை,
மரிஃபெல்

பின்குறிப்பு (புதன் காலை): மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிடலாம் என்று பார்த்தேன். பிறகு நீயே படித்துக்கொள் என்று விட்டுவிட்டேன். இன்று விடிகாலையில் சர்க்கரை தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போனேன். தினமும் இந்த நேரத்தில் மாமனார் யாண்டியைக் காற்றாட நடத்திக் கூட்டிப்போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தொங்குகிற ஷாம்பூ சரங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். யாண்டி பேசிக்கொண்டிருந்தான். பிசாயாவில், மூச்சு விடாமல், கையை நீட்டி நீட்டி!

"அந்த ரொட்டி வேண்டாம் அக்கா, நேத்திக்கு உள்ளது, கல்லு மாதிரி இருக்கு. எங்க நாயே துப்பிடுச்சு."

கடைக்காரி பாசிங் சிரித்துக்கொண்டே, "ஏன்டா வாயாடி, முந்தாநேத்து பள்ளிக்கூடத்துல மட்டும் வாயத் திறக்கலையாமே? உங்கம்மா அழுதாளாம்" என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாவுக்கு நம்ம பேச்சு வராது அக்கா. பாவம். அப்பாவுக்கும் வராது. தாத்தாகூட வீட்டுக்குள்ள போனா மறந்துடுறாரு. குவான்னாத்தான் அவங்களுக்குப் புரியும். அம்மா கூட இருந்துச்சுல்ல, அதான் அங்கயும் அதையே சொன்னேன்."

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சர்க்கரை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். நிபுணர் வேண்டாம், பையன் நலம், அந்தக் கவலையை விடு. ஆனால் எனக்கு பிசாயா தெரியும் என்பதை இப்போது அவனிடம் எப்படிச் சொல்வேன்? ஒன்றரை வருஷமாக ஏன் மறைத்தாய் என்று கேட்பானே. அவனுக்குத்தான் கேட்கத் தெரிகிறதே. நீ மூன்று பிள்ளை வளர்த்தவள், ஒரு வழி சொல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுது.