பவுச்சார் விழுந்து காட்டினார்

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பெரட்டுக் களத்தில் நான் முதலில் பார்த்தது, தரையில் மல்லாந்து கிடந்த ஒரு மனிதரை. பெயர் கூப்பிட்டு, ஆட்களைத் தேயிலை மலையின் அந்தந்தப் பகுதிக்கு அனுப்பும் இடம் அது. சுற்றிலும் நாற்பது பேர் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குனியவில்லை. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது நாள். ஓடிப்போய் மண்டியிட்டேன்.

"இடுப்புல பவுச்சு இருக்கு. தொறங்க," என்றார் கிடந்தவர், கண்ணைத் திறக்காமல்.

இடுப்புப் பையில் இரண்டு கொக்கிகள், ஒரு ஒட்டுப்பட்டை, அதற்கும் உள்ளே ஒரு ஜிப். நான் இடது கைக்காரன். விரல்கள் வேறு குளிரில் விறைத்திருந்தன. ஒருவழியாகத் திறந்தால், உள்ளே ஒரு தகரக் குழாய். அதற்குள் ஒரு பால்பாயிண்ட் பேனா. அவர் கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"நாப்பத்தொரு செகண்டு. நான் செத்து ரொம்ப நேரமாச்சு, கிராணியாரே."

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

மலேசியாவின் பஹாங் மாநிலத்திலேயே அதிக முறை இறந்த மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து, இலை நிறுக்கும் கொட்டகையில் இறந்திருக்கிறார். தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறந்திருக்கிறார். ஒருமுறை கோயில் அன்னதான வரிசையில் இறந்து, இடம் போய்விடும் என்று பாதியில் எழுந்திருக்கிறார். ஆபீஸ் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அவர் மனைவிகூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மலை முழுக்க அவர் பவுச்சார்.

இலை வெட்டும் மெஷின்களுக்கு அவர்தான் பிட்டர். செடி வரிசையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு நடக்கும் மெஷின் அது. பழுதானால் எப்போதும் சரிவின் நடுவில்தான் நின்றுபோகும். கருவிகளோடு இவர் ஏறிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, அப்படி ஏறிய இடத்தில் ஒரு குளவி கொட்டி, முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். அடுத்த முறை உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, பேனா மாதிரி ஓர் ஊசியைக் கொடுத்தார் டாக்டர். கொட்டியவுடன் தொடையில் அழுத்த வேண்டும். எந்நேரமும் உடம்போடு இருக்க வேண்டும்.

விஷயம் சின்ன துரைக்குப் போனது. உதவி மேனேஜர் அவர். இனி மலை வேண்டாம், பேக்டரிக்குள் உட்காருங்கள் என்றார்.

"கொஞ்சம் டைம் குடுங்க துரை. நல்ல பவுச்சா ஒண்ணு காட்டறேன். ஊசி நசுங்காது, நனையாது, தொலையாது. அப்பறம் மலைக்கு விடுவீங்களா?"

"காட்டுங்க, பார்ப்போம்," என்றார் சின்ன துரை.

இலை வெட்டும் குழுவில் எல்லாரையும் அதட்டக்கூடியவர் அஞ்சலை அக்கா. அவரால் இதைப் பொறுக்க முடியவில்லை. "பேக்டரியில என்னாண்ணே கஷ்டம்? மழ இல்ல, அட்ட இல்ல. ஒக்காந்து வேல பாரேன் லா."

"நாலு பக்கமும் சுவரு லா," என்றார் பவுச்சார். இருபத்தாறு வருடம் சரிவில் நின்றவர் அவர்.

நான் வருவதற்கு முன்பே இரண்டு பைகள் போயிருந்தன. இரண்டும் போனில் பார்த்து வரவழைத்தவை, ராணுவத் தரம் என்று விளம்பரம் செய்யப்பட்டவை. முதல் பை பச்சைப் புள்ளி போட்டது. அதைத் தேயிலைச் செடிமேல் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துத் திரும்பினார். பையைக் காணோம். பதினான்கு பேர் மழை வரும்வரை தேடினார்கள். "எதிரி கண்ணுக்குத் தெரியாதுன்னு போட்டிருந்தான். பொய் சொல்லல அண்ணே," என்றாராம் அஞ்சலை அக்கா. அடுத்த சுற்று வெட்டும்போது அது துண்டு துண்டாக இலையோடு சேர்ந்து வந்தது.

இரண்டாவது, பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட பை. பாலைவனத்தில் இடுப்பு உயரத்துக்குச் செடி கிடையாது. இங்கே தேயிலை சரியாக இடுப்பு உயரத்தில்தான் நிற்கிறது. இடுப்பில் கட்டிய எதையும் நாள் முழுக்கக் குச்சிகள் பிறாண்டும். ஒரு குச்சி ஜிப்பின் வாலில் மாட்டி இழுத்துவிட, ஊசியோடு அதில் போட்டு வைத்திருந்த நட்டும் போல்ட்டும் சரிவு முழுக்க விதைக்கப்பட்டன.

மூன்றாவதுதான் நான் திறக்கத் திணறியது. அதைச் செடிக்குள் தேய்த்தார், ஓடையில் ஊறப்போட்டார், கடைசியில் இலை லோரியை அதன்மேல் ஏற்றச் சொன்னார். பைக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைக்காக ஊசிக்குப் பதில் தகரக் குழாய்க்குள் வைத்திருந்த பேனாவும் எழுதியது. தேடியது கிடைத்துவிட்டது என்று அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றபோதுதான் அஞ்சலை அக்கா கேட்டார்:

"மயக்கம் போட்டு விழுந்தா நீயா தொறப்ப? நாங்கதானே தொறக்கணும்?"

அன்றிலிருந்துதான் விழ ஆரம்பித்தார். "நான் விழுந்துட்டேன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு விழுவார். அருகில் இருப்பவர் திறக்க வேண்டும். அஞ்சலை அக்கா ஒன்பது விநாடி. லோரி டிரைவர் பன்னிரண்டு. தமிழும் மலாயும் அரைகுறையாகத் தெரிந்த நேப்பாளத் தொழிலாளர்கள்கூடப் பத்தில் முடித்தார்கள். நான் பத்து நாள் பழகி முப்பத்து மூன்றுக்கு வந்தேன்.

"பைக்கும் எனக்கும் சண்ட இல்ல. கிராணி கைதான் சுசா லா, ரொம்பக் கஷ்டம்," என்றார், ஏதோ வானிலை சொல்வது போல.

சின்ன துரை ஒருநாள் தானே வந்து திறந்து பார்த்தார். பதினான்கு விநாடி. தலையை ஆட்டினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சரிவில் தனியாகப் போகக் கூடாது. "கிராணி தினமும் இலைக் கணக்கெடுக்க எல்லாப் பகுதிக்கும் போறாரு. அவரோடயே போங்க."

களத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பவுச்சார் மட்டும் சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் ரோட்டோர மண்சரிவைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"துரை, வேற ஆளு இல்லீங்களா?"

"ஏன், கிராணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல துரை. நல்ல மனுசன்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரிங்லெட்டுக்குப் பஸ் ஏறிப் போனதைப் பார்த்தேன். அங்கே தையல்காரர் ஒருவரை அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை இடுப்பில் புதுப் பை. ரோடு வேலை செய்பவர்களின் சட்டை மாதிரி ஆரஞ்சு நிறம். கொக்கி இல்லை, ஒட்டுப்பட்டை இல்லை. ஒரே ஒரு ஜிப், அதை மூட ஒரு மடிப்பு, அவ்வளவுதான். லோரி ஏறியும் சாகாத பை, அஞ்சலை அக்காவுக்கு வெற்றிலை வைத்துக்கொள்ளப் போய்விட்டது.

"நான் விழுந்துட்டேன்," என்று விழுந்தார். திறந்தேன். எட்டு விநாடி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பயிற்சியின் பலன் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். "பாத்து கிராணி, டாக்டர் வேலைக்குக் கூப்புடப் போறாங்க," என்றார் அஞ்சலை அக்கா. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஸ்பேனர் எடுக்கும்போதும் பவுச்சார் ஜிப்போடு மல்லுக்கட்டி முணுமுணுத்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு பிற்பகல், பதினான்காம் பகுதியில் மெஷின் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ஏறினோம். பவுச்சார் குனிந்து எஞ்சினின் கயிற்றை இழுத்தார். பக்கத்துச் செடிக்குள்ளிருந்து நாலைந்து குளவிகள் கிளம்பின. அவர் கழுத்தில் ஒருமுறை அடித்துக்கொண்டார். பிறகு அப்படியே உட்கார்ந்து, சாய்ந்தார்.

நான் விழுந்துட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் புரிந்தது.

ஜிப்பை இழுத்தேன். குழாயைத் திறந்தேன். ஊசியைத் தொடையில் அழுத்திப் பிடித்தேன். மெஷின்காரர்கள் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். எஸ்டேட் ஜீப் தானா ராத்தாவுக்குப் போய்ச் சேரும்வரை அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வார்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது.

"எத்தன செகண்டு?"

"பாக்கல அண்ணே."

"அலாமா! இத்தன வாட்டி செத்துக் காட்டினது வீணா? நெசமா நடந்த அன்னிக்கு டைம் இல்லையா?"

நர்ஸ் வந்து அடையாள அட்டை கேட்டார். பை கட்டிலில் கிடந்தது. பவுச்சார் எடுத்து ஜிப்பை இழுத்தார். பாதியில் மடங்கி நின்றது. மறுபடி இழுத்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே தொறங்க லா."

நான் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்த ஜிப்பை உற்றுப் பார்த்தேன். ஓரமெல்லாம் புது நூல். பழைய தையலின் ஊசித் துளைகள் துணியில் அப்படியே இருந்தன. யாரோ ஜிப்பை முழுதாகப் பிரித்து, இடது கையால் இழுத்தால் திறக்கும்படி திருப்பித் தைத்திருந்தார்கள்.

பவுச்சார் வலது கைக்காரர்.