கொம்பையாவைக் கடித்தது

"ஏட்டி, காதுகுத்துச் செலவு கையக் கடிச்சிருச்சு" என்று எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொம்பையா மனைவிக்குப் போன் செய்தார். பக்கத்தில் லாரி போன சத்தத்தில் செல்வலட்சுமிக்குக் கடைசி இரண்டு வார்த்தைதான் கேட்டது.

"எது கடிச்சுது?" என்று அவள் பதறுவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஊருக்குள் நுழையும்போது தெருவே திரண்டு நின்றது. முன்னால் மச்சினன் பேச்சிராஜா. "மகளுக்குக் காதுகுத்து, ஊருக்கே கிடாச்சோறு" என்று போன மாதம் அவனிடம்தான் மீசையை முறுக்கியிருந்தார்.

"எது கடிச்சுது அத்தான்?"

கையில் காசு போதவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "நாய்" என்றார்.

"எந்த நாய்?"

"செவலை நாய்."

ஊரில் செவலை நாய் ஒன்றே ஒன்றுதான். அதை வளர்க்கும் பூவனலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏலே, எம் நாய்க்குப் பல்லு விழுந்து ரெண்டு வருசமாச்சு! கஞ்சியக் கரைச்சுல்லா ஊத்துதேன்!"

"அப்ப இது வேற நாய்" என்றார் கொம்பையா அவசரமாக.

"வெளியூர் வெறிநாய் வந்திருக்குடோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

பத்துப் பேர் கம்போடு பருத்திக்காட்டுக்குள் இறங்கினார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவர்களுக்குக் கொம்பையா செலவிலேயே டீயும் வடையும் போயிற்று. கிடாய்க்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த காசு அது.

"போதும்யா, நாயை விட்ருங்க, பாவம்!" என்றார் தாங்கமாட்டாமல்.

"போச்சு! நாய்க்குப் பரிஞ்சு பேசுதாரு. வெறி ஏறிட்டு!" என்றான் பேச்சிராஜா.

கையில் துண்டைச் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். செலவுக்குப் பல் உண்டு என்று முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவனை வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனார் கொம்பையா.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுடலைச்செல்வி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் துண்டை அவிழ்த்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லுத் தடமே இல்லையே!"

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயி, காதுகுத்துச் செலவும்மா... வெளிய எம் மச்சினன் நிக்கான். மானம் போயிரும்."

அவள் பஞ்சை எடுத்து வைத்து, தடிமனாக ஒரு கட்டுப் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. போன வாரம் ஒங்க மச்சினனுக்கும் நாந்தான் கட்டுப் போட்டேன். தாய்மாமன் சீர் கடிச்சிருச்சாம்."